ஆரோக்கியமாக எடை குறைக்க அன்றாடப் பழக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை குறைப்பது பற்றி நண்பர்களும் உறவினர்களும் பல வருடங்களாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இரண்டு முறை கடுமையான டயட் இருந்து எடையைக் குறைத்தேன். இரண்டு முறையும் குறைத்ததைவிட அதிகமாக ஏறிவிட்டது. மூன்றாவது முறை பழக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றி 13 கிலோ குறைத்தேன். ஆறு வருடமாக அது திரும்ப ஏறவில்லை. அந்த முறை ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் எதையும் முடிவு செய்தேன்: அலுத்துச் சலித்து வீடு திரும்பும் நாளிலும் இதைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் வைத்துக்கொண்டேன், முடியாது என்றால் விட்டுவிட்டேன். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

மாதத்துக்கு எவ்வளவு குறைந்தால் நல்லது?

வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை என்பது பெரும்பாலான மருத்துவர்கள் சொல்லும் அளவு. உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால், தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறையும். நாளாக ஆக வேகம் தானாகவே தணியும். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ போய்விட்டது என்று பலர் பூரித்துப்போவார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவில் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். உணவைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு முதலில் காலியாகிறது, தண்ணீரும் கூடவே வெளியேறுகிறது. மூன்றாவது வாரம் முள் நகராமல் நிற்கும்போது மனம் உடைந்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. உண்மையில் கொழுப்பு அப்போதும் கரைந்துகொண்டுதான் இருக்கும்.

மிக வேகமாகக் குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும், முடி கொட்டும், பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். என் முதல் டயட் முடிந்து இரண்டு மாதத்தில் தலை வாரும்போது சீப்பு நிறைய முடி வந்தது. அதைப் பார்த்துப் பயந்துதான் நிறுத்தினேன்.

கரைகிற கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையாகவா?

மூச்சாக. பத்து கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் சுமார் 8.4 கிலோ கரியமில வாயுவாக மாறி நுரையீரல் வழியே வெளியேறுகிறது; மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. 2014இல் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். வேகவேகமாக மூச்சு விட்டால் கொழுப்பு கரையும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, தலைதான் சுற்றும். ஆனால் வியர்வை உடை, நீராவிக் குளியல் இவற்றால் குறைவது வெறும் தண்ணீர் என்பது இதிலிருந்து தெளிவாகும். ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பிவிடும்.

நான் 30 கிலோ அதிகம். ஐந்து கிலோ குறைத்து என்ன ஆகிவிடப் போகிறது?

நிறையவே ஆகும். அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்கு வைத்த இலக்கு இரண்டுதான்: எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைப்பது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களில் சர்க்கரை நோய் வந்தவர்கள் 58 சதவீதம் குறைவு. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொண்ட பிரிவில் அது 31 சதவீதம். 90 கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்பது ஆறே கால் கிலோ. அதனால் 30 கிலோ என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிட்டு, முதல் ஐந்து கிலோவை மட்டும் பாருங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அங்கேயே இறங்கத் தொடங்கிவிடும்.

பி.எம்.ஐ. பார்க்க வேண்டுமா, இடுப்பளவா?

இரண்டையும் பாருங்கள், ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் இடுப்பளவு. பி.எம்.ஐ. என்பது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். அந்தக் கணக்கு பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் கெட்லே என்ற புள்ளியியலாளர் 19ஆம் நூற்றாண்டில் மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிய உருவாக்கியது. தனி ஆளின் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆசிய வம்சாவளியினருக்கு 25க்கும் கீழே, 23லிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் அதிகக் கெடுதல். உங்கள் உயரத்தில் பாதிக்கும் குறைவாக இடுப்பளவு இருக்கிறதா என்று ஒரு டேப் வைத்துப் பாருங்கள். 160 செ.மீ. உயரம் என்றால் இடுப்பு 80 செ.மீ.க்குள். மூச்சை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சு விட்டபின் அளக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டில். முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். வாயில் போடுவதை எல்லாம், போட்ட உடனேயே எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி மறந்துவிடும்.

நான் எழுதிய முதல் வாரத்தின் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாடு ஒழுங்காகவே இருந்தது. பிரச்சினை இடைவெளிகளில் இருந்தது. சமைக்கும்போது உப்பு பார்க்கிறேன் என்று நான்கு தடவை ஒரு கரண்டி. பிள்ளை தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று இரண்டு வாய். ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது, டப்பாவில் போட்டு எடுத்துவைக்கும் அளவுக்கு இல்லை என்று அடியில் இருந்ததை வழித்து நின்றபடியே சாப்பிட்டது. பசித்து நான் சாப்பிட்டதில்லை அவற்றில் ஒன்றுகூட. எழுதியிருக்காவிட்டால் அவற்றைச் சாப்பாடு என்று கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டேன். சத்தியம் செய்யச் சொன்னாலும் ‘நான் மூன்று வேளைதான் சாப்பிடுகிறேன்’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

இது எனக்கு மட்டும் நடப்பதல்ல. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்ன சிலரின் உண்மையான ஆற்றல் செலவை நுட்பமான முறையில் அளந்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறை எதுவும் இல்லை. சாப்பிட்டதில் ஏறத்தாழ பாதியை அவர்கள் சொல்லவில்லை. செய்த உடலுழைப்பை ஒன்றரை மடங்காகச் சொல்லியிருந்தார்கள். யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. மனிதர்களின் நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது.

அப்படியென்றால் வாழ்நாள் முழுக்கக் கலோரி எண்ண வேண்டுமா?

வேண்டாம். சில வாரங்கள் எண்ணினால் போதும். எந்தப் பொருளில் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழகிவிடும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மதுவிலுள்ள ஆல்கஹாலில் 7, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கிட்டத்தட்ட 120 கலோரி. எண்ணெய்ப் பாட்டிலை அப்படியே சாய்த்து ஊற்றுவதை விட்டு, கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கியதுதான் என் சமையலறையில் நடந்த மிகப் பெரிய மாற்றம். எண்ணுவது மனதைப் பிடித்து ஆட்டுகிறது, சாப்பிட்டாலே குற்ற உணர்வு வருகிறது என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

சாப்பாட்டில் முதலில் எதை மாற்றுவது?

குடிப்பதை. சர்க்கரை சேர்த்த பானங்கள் வயிற்றை நிரப்பாமலே கலோரியை ஏற்றுகின்றன. 330 மி.லி. கோலா கேன் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்த்த சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் அது இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது. பழத்தைப் பழமாகவே கடித்துச் சாப்பிடுங்கள்.

அடுத்தது, பாக்கெட்டில் வரும் தின்பண்டங்களும் சூடாக்கி உடனே சாப்பிடும் தயார் உணவுகளும். இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்தார். இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. பரிமாறியவற்றில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு; வேண்டும் அளவுக்குச் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஏறத்தாழ 900 கிராம் ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். 2019இல் இது வெளியானபோது படித்துவிட்டு என் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தேன். அதுவரை மன உறுதி இல்லாதது என் குறை என்றே நினைத்திருந்தேன். அந்தப் பாக்கெட்டுகள் கையில் இருந்தால் யாராக இருந்தாலும் கூடுதலாகத்தான் சாப்பிடுவார்கள் என்று தெரிந்தபோது பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அவற்றை வாங்கி வைத்துவிட்டு என்னோடு நானே சண்டை போடுவதை அன்றோடு விட்டேன். வாங்குவதையே நிறுத்தினேன்.

மூன்றாவது, தட்டு. பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு புரதம், கால் தட்டு தானியம். பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி, பால் என்று புரதம் எதிலிருந்து வந்தாலும் சரி. புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் அடுத்த பசி தள்ளிப்போகும். முதலில் காயைப் போட்டுக்கொண்டு, மிச்ச இடத்தில் மற்றதைப் போட்டுப் பாருங்கள்; அளவு தானாகச் சரியாகிவிடும்.

மாவுச்சத்தைக் குறைப்பது நல்லதா, கொழுப்பைக் குறைப்பதா?

உங்களால் எதைத் தொடர முடியுமோ அது. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு வருடம் இதைச் சோதித்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் குறைத்தார்கள். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இருந்த ஏற்றத்தாழ்வுதான் பெரிது. 25 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களும் உண்டு, எடை ஏறியவர்களும் உண்டு.

பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறை?

சிலருக்கு வசதியாக இருக்கிறது, ராத்திரி நொறுக்குத் தீனி நின்றுபோகிறது, அதனால் குறைகிறது. அதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை. 2022இல் வெளியான ஒரு வருட ஆய்வில், கலோரியைக் குறைத்ததோடு நேரத்தையும் கட்டுப்படுத்தியவர்களுக்கும், கலோரியை மட்டும் குறைத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது. சர்க்கரை அளவு சட்டென்று இறங்கி மயங்கி விழ நேரிடும்.

கொழுப்பைக் கரைக்கும் பானங்கள் பலன் தருமா?

தராது. சாதாரணத் தண்ணீர் கொஞ்சம் உதவும். நடுத்தர வயதினரும் முதியவர்களும் சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்து வந்த 12 வார ஆய்வில், குடிக்காதவர்களைவிட இரண்டு கிலோ அளவுக்குக் கூடுதலாகக் குறைத்தார்கள். செயற்கை இனிப்புகளை எடை குறைக்கும் வழியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. இனிப்பின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

தினமும் நடக்கிறேன். எடை குறையவே இல்லை. ஏன்?

அரை மணி நேர நடையில் செலவாவது பெரும்பாலானோருக்கு 100 முதல் 150 கலோரி. நான்கு பிஸ்கெட்டில் அது திரும்ப வந்துவிடும். நடந்துவிட்டோமே என்ற தைரியத்தில் ஒரு கை கூடுதலாகப் போட்டுக்கொள்வதும் நம்மை அறியாமல் நடக்கும். எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு. ஆனால் குறைந்த எடை திரும்ப ஏறாமல் இருக்க நடைதான் கைகொடுக்கிறது. இதயம், இரத்தச் சர்க்கரை, தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் அது நல்லது. முள் நகரவில்லை என்பதற்காக நடையை விட்டுவிடாதீர்கள்.

பத்தாயிரம் அடி கட்டாயமா?

அந்த எண் மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்ததில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் ‘பத்தாயிரம் அடி மானி’ என்ற பொருளில் இருந்தது, அங்கிருந்து பரவியது. சுமார் 17,000 வயதான பெண்களை வைத்து 2019இல் வந்த ஆய்வு, 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 அடி நடப்பவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது 3,000 அடி நடக்கிறவர் என்றால் 4,500 ஆக்குங்கள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடப்பது, போன் பேசும்போது எழுந்து நடப்பது, ஒரு மாடியை லிஃப்ட் இல்லாமல் ஏறுவது என்று துண்டு துண்டாகச் சேர்த்தாலும் கணக்குதான்.

ஜிம்முக்குப் போக வேண்டுமா?

ஜிம் கட்டாயம் இல்லை, தசைக்கு வேலை கொடுப்பது கட்டாயம். உணவை மட்டும் குறைத்து இறக்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசை போன்ற கொழுப்பில்லாத பகுதியாக இருக்கும். அதைக் காப்பாற்ற வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குவது. நான் அடுப்பில் பால் காயும் நேரத்தில் நாற்காலிப் பயிற்சியைச் செய்யத் தொடங்கினேன். முதல் நாள் நான்காவது தடவையிலேயே தொடை நடுங்கியது. ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு புதிய பழக்கத்தை முடிச்சுப் போட்டுவிட்டால் ஞாபகப்படுத்த யாரும் வேண்டியதில்லை. பால் பாத்திரத்தை வைத்ததும் கால் தானாக நாற்காலிப் பக்கம் போகும்.

தொப்பையை மட்டும் குறைக்க முடியுமா?

முடியாது. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுத் தசை வலுவாகும். மேலே இருக்கும் கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் கரையும் என்பதை உடல்தான் முடிவு செய்யும். மொத்த எடை இறங்கும்போது இடுப்பளவும் இறங்கும்.

தூக்கத்துக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?

ரொம்ப நெருங்கிய சம்பந்தம். நிறையப் பேர் கடைசியாகத்தான் இதைக் கவனிக்கிறார்கள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த, அதிக எடையுள்ள 80 பேரை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு பிரிவினரை ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கவைத்தார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் தினமும் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். என் நோட்டிலும் அதுவே தெரிந்தது: ராத்திரி பதினொன்றரைக்கு மேல் விழித்திருந்த நாள்களில் எல்லாம் கடைசி வரியில் ஏதாவது ஒரு தின்பண்டம் இருந்தது. செல்போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தால் அரை மணி நேரமாவது மிச்சமாகும்.

கவலையாக இருந்தால் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். என்ன செய்வது?

முதலில், அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். வயிற்றுப் பசியா மனப்பசியா என்று பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. வயிற்றுப் பசி மெல்ல வரும், எதைக் கொடுத்தாலும் அடங்கும். மனப்பசி திடீரென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். அப்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். முகம் கழுவுங்கள், யாரிடமாவது பேசுங்கள், வாசல் வரை நடந்து வாருங்கள். பத்து நிமிடம் கழித்தும் வேண்டும் என்றால், தட்டில் போட்டு, உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிடுங்கள். பாக்கெட்டுக்குள் கை விட்டபடி சாப்பிடாமல் இருந்தாலே பாதி குறையும்.

கட்டுப்பாடே இல்லாமல் மூச்சுமுட்டச் சாப்பிடுவது, பிறகு வெட்கப்பட்டு ஒளிப்பது, வாந்தி எடுப்பது என்று இருந்தால் அது ஒரு நோய். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அந்த நிலையில் டயட் இருப்பது அதை இன்னும் மோசமாக்கும். மனநல மருத்துவரைப் பாருங்கள்.

நன்றாகக் குறைந்துகொண்டிருந்தது, இப்போது இரண்டு மாதமாக அப்படியே நிற்கிறதே?

எடை குறைந்த உடல் சின்ன உடல். அதை நடத்த ஆற்றல் குறைவாகவே போதும். அதற்கும் மேலாக, குறைந்த எடைக்குக் கணக்குப்படி வேண்டியதைவிடவும் உடல் இன்னும் சிக்கனமாகச் செலவு செய்கிறது, பசியையும் கூட்டுகிறது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். உடலெடையில் கிட்டத்தட்ட கால் பங்கை இழந்த அவர்கள் எந்நேரமும் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். பட்டினி கிடந்த என் இரண்டாவது டயட்டில் நானும் ராத்திரி படுத்துக்கொண்டு சமையல் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அப்படித்தான் செய்யும்.

எனவே தேக்கம் வந்தால் இன்னும் கடுமையாகக் குறைக்க வேண்டாம். ஒரு வாரம் மீண்டும் நோட்டில் எழுதுங்கள். கரண்டிகள் திரும்ப எட்டிப் பார்த்திருக்கும். இடுப்பை அளந்து பாருங்கள். எடை நின்றிருந்தாலும் அளவு இறங்கியிருக்கலாம். அப்படியும் ஒன்றும் மாறவில்லை என்றால் கொஞ்ச காலம் அதே எடையிலேயே இருந்துவிடுங்கள். ஏறாமல் இருப்பதே பெரிய காரியம்.

முப்பது வயதைத் தாண்டினால் வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடும் என்கிறார்களே?

8 நாள் குழந்தை முதல் 95 வயது வரை 6,400க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை வைத்து 2021இல் வந்த ஆய்வு வேறு சொல்கிறது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறத்தாழ ஒரே சீராக இருக்கிறது. அதன் பிறகுதான் மெல்லக் குறைகிறது. முப்பதுகளில் மாறுவது நம் நாள்தான்: உட்கார்ந்து செய்யும் வேலை, குறையும் தூக்கம், ஓடி விளையாட நேரமில்லாமை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எடை பார்ப்பது?

வாரம் ஒருமுறை, அதே நாள், காலையில், கழிப்பறை போய்வந்த பின். உப்பு, மாதவிடாய், முந்தைய நாள் சாப்பாடு இவற்றால் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் ஒன்று இரண்டு கிலோ மாறுவது சகஜம். தினமும் பார்த்தாலும் மனம் அலைபாயாது என்பவர்கள் தினமும் பார்க்கலாம். வாரச் சராசரியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இரண்டு நாள் விருந்து, எல்லாம் கெட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்தா?

கெடவில்லை. அடுத்த வேளையிலிருந்து வழக்கம்போல. மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம். அது அடுத்த மிகையான சாப்பாட்டில்தான் கொண்டுபோய் விடும். புதிய பழக்கம் எத்தனை நாளில் படியும் என்று லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. 18 நாளில் படிந்தவர்களும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தவர்களும் உண்டு. நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. விருந்தில் உங்களுக்கு மிகவும் பிடித்ததை மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள். சுமாராகப் பிடித்ததை விட்டுவிடுங்கள்.

வீட்டில் யாரும் ஒத்துழைக்கவில்லையே?

தனிச் சமையல் வேண்டாம், அது நீடிக்காது. எல்லோருக்கும் செய்வதிலேயே காயைக் கூட்டி, எண்ணெயை அளந்து ஊற்றினால் போதும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று அன்போடு போடுகிறவர்களிடம், ‘ரொம்ப நன்றாக இருந்தது, வயிறு நிறைந்துவிட்டது’ என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: குழந்தைகள் முன்னால் உங்கள் உடம்பையோ அவர்கள் உடம்பையோ இழிவாகப் பேசாதீர்கள். சின்ன வயதில் கேட்ட அப்படி ஒரு சொல் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அதனால் நான் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஒளித்துச் சாப்பிடத்தான் கற்றுக்கொண்டேன்.

எடை குறைக்கும் ஊசிகள் போட்டுக்கொள்ளலாமா?

செமாக்ளூட்டைட் போன்ற மருந்துகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. பெரிய சோதனை ஒன்றில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. உடல் பருமன் நோயாகவே இருக்கும் ஒருவர் மருத்துவர் கண்காணிப்பில் இதை எடுப்பதில் கேவலம் எதுவும் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பதைப் போலத்தான். இணையத்திலோ தெரிந்தவர் மூலமாகவோ வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

காரணமே தெரியாமல் எடை ஏறினாலும், முயற்சி செய்யாமலே இறங்கினாலும் உடனே. களைப்பும் குளிர் தாங்காமையும் இருந்தால் தைராய்டு காரணமாக இருக்கலாம். மாதவிடாய் தாறுமாறாக வந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகள் எடையை ஏற்றும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று உண்டா என்று கேளுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் யாரும் தாங்களாகவே எடை குறைக்கத் தொடங்கக் கூடாது.

போகும்போது அந்த ஒரு வார நோட்டையும் எடுத்துப்போங்கள். நான் கொண்டுபோனபோது மருத்துவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ‘ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?’ என்றுதான் முதலில் கேட்டார்.